‘செட்’: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ‘செட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எல்லாப் பொருளையும் பட்டியலிடுவீர்களா?

பதில்: மாட்டேன். ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் அதற்கு 430 பொருள்கள். பின்னாளில் ‘ரன்’ என்ற வினை 645 பொருளோடு அதை முந்திவிட்டது.

கேள்வி: கடிகாரத்தில் அலாரம் ‘செட்’ பண்ணுவதும் ‘ஒரு செட் புத்தகம்’ என்பதும் ஒரே சொல்தானா?

பதில்: இப்படிக் கேளுங்கள்! பிறப்பில் இரண்டு சொற்கள். வினைச்சொல் பழைய ஆங்கிலத்தது. ‘சிட்’ உட்காருவது, ‘செட்’ உட்கார வைப்பது. நம் அமர், அமர்த்து போல. அலாரம் வைக்கிறோம், பொறி வைக்கிறோம், எலும்பு முறிந்தால் சேர்த்து வைக்கிறோம். எல்லாம் ‘வை’தான். புத்தகச் செட்டோ லத்தீன் ‘செக்டா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘செக்டா’ என்றால் ஒருவரைப் பின்பற்றும் கூட்டம். மதப்பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ அதன் உடன்பிறப்பு. ஒலி ஒன்றாகிப் போனதால் ஆங்கிலேயர்களே இரண்டையும் கலந்துவிட்டார்கள். ஒலி ஒத்தால் உறவு என்று நம்பாதீர்கள்.

கேள்வி: இறந்தகாலம் ‘செட்டட்’தானே?

பதில்: இல்லை. மூன்று காலத்துக்கும் செட்.

கேள்வி: காங்கிரீட் ‘செட் ஆகிடுச்சு’ என்றால் காய்ந்துவிட்டது என்றுதானே?

பதில்: இறுகிவிட்டது. சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அதனால்தான் இறுகிய பிறகும் தண்ணீர் விடுகிறோம். சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர விதி.

கேள்வி: ‘கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள்’ என்கிறோமே ஐயா. செட் தமிழ்தான், வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான்.

பதில்: அந்தச் செட்டு சிக்கனம். ஒலி ஒத்தால் உறவில்லை என்று இப்போதுதானே சொன்னேன்?

கேள்வி: செட்டு என்றால் வணிகமும்தான். வணிகர் என்றால் கூட்டம், கூட்டம் என்றால் ஒரு செட். பொருந்துகிறதே?

பதில்: இப்படி மூன்று படி தாவினால் தோசையிலிருந்து டோக்கியோவுக்கே போய்விடலாம். லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் எழுத்துச் சான்று இருக்கிறது. உங்களிடம் என்ன இருக்கிறது?

கேள்வி: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிற மாதிரி…

பதில்: இல்லை.

கேள்வி: செட்டின் இறந்தகாலம் என்ன சார்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: ‘அவருக்கு ஒரு செட்டப் இருக்கு’ என்றால் ஆங்கிலேயருக்குப் புரியுமா?

பதில்: ஏதோ ஏற்பாடு என்று நினைப்பார். சின்ன வீடு நாம் கட்டிக்கொடுத்தது.

கேள்வி: தோசை என்றதும் கேட்கிறேன். செட் தோசை ஒரு கடையில் இரண்டு, இன்னொரு கடையில் மூன்று. ஏன்?

பதில்: அது லத்தீன் வழி வந்த செட். எண்ணிக்கையைக் கல்லாவில் கேளுங்கள்.