ஒலிம்பிக் சங்கம் என்ன செய்யும், என்ன செய்யாது: கேள்வி பதில்

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தடகளப் போட்டிகளுக்கு நடுவராகவும் பிள்ளைகளை அழைத்துப்போகும் பொறுப்பாளராகவும் போயிருக்கிறேன். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு பக்கமிருந்தும் வந்த கேள்விகளுக்கு, தெரிந்தவரை சொல்கிறேன்.

காரிமங்கலம், கல்லூரி மாணவர்: இந்திய ஒலிம்பிக் சங்கம் மத்திய அரசின் ஒரு துறைதானே சார்?

இல்லை தம்பி. அது ஒரு சங்கம். 1927இல் தொடங்கியது, முதல் தலைவர் டோராப்ஜி டாட்டா. 2022 டிசம்பரிலிருந்து பி.டி. உஷா தலைவர். ஒரு நாட்டுக்கு ஒரு ஒலிம்பிக் கமிட்டியைத்தான் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அங்கீகரிக்கும். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் மூன்றுக்கும் இந்திய அணியின் பெயர்ப்பட்டியலைக் கொடுக்கும் உரிமை அதற்கு மட்டும்தான்.

ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பது அந்தந்த விளையாட்டின் தேசியச் சம்மேளனம். பயிற்சிக்குப் பணம் தருவது பெரும்பாலும் அரசு: விளையாட்டு அமைச்சகம், இந்திய விளையாட்டு ஆணையம், இங்கே நம் எஸ்.டி.ஏ.டி. எனும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்காக 2014இல் வந்த டாப்ஸ் திட்டத்தின் முதன்மைப் பட்டியலில் இருப்பவருக்குக் கைச்செலவுக்கே மாதம் 50,000 ரூபாய். அதுவும் அரசுப் பணம்தான். அனுப்புவது ஒருவர், தேர்ந்தெடுப்பது ஒருவர், செலவு செய்வது ஒருவர். இது தெரியாமல்தான் பாதிப் பேர் தவறான கதவைத் தட்டுகிறார்கள்.

ஊத்தங்கரை, ஒரு அம்மா: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. 800 மீட்டர் நன்றாக ஓடுகிறாள். ஒலிம்பிக் சங்கத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது?

அப்படி ஒரு விண்ணப்பம் கிடையாது அம்மா. அதற்குப் பணம் கேட்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் மகளுக்கு இரண்டு பாதை இருக்கிறது, இரண்டிலும் போகலாம். ஒன்று பள்ளி வழி: குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று குடியரசு தின விழாப் போட்டிகள், அங்கே வென்றால் தேசியப் பள்ளி விளையாட்டு. இன்னொன்று சங்க வழி: மாவட்டத் தடகளச் சங்கம், மாநிலச் சங்கம், இந்தியத் தடகளச் சம்மேளனம். ஒலிம்பிக் வரை போவது இந்த இரண்டாவது பாதைதான். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று நிட்ஜாம். 14, 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்காகச் சம்மேளனம் நடத்தும் மாவட்டங்களுக்கிடையிலான போட்டி. அதில் பிள்ளை மாவட்டத்தின் பெயரிலேயே ஓடலாம். சென்னைப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று மாநில அணியில் இடம் கிடைக்குமா என்று ஏங்க வேண்டியதில்லை. மாவட்டச் சங்கத்தில் பதிவு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

எஸ்.டி.ஏ.டி. விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்க்கிறார்கள். தேர்வுப் போட்டி கோடையில் நடக்கும். செய்தித்தாளில் சின்னதாக ஒரு மூலையில் வரும், தவறவிடாதீர்கள்.

பிறந்த தேதியில் விளையாட வேண்டாம். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியை வைத்து வயதை மதிப்பிடுகிறார்கள். அதில் மாட்டினால் முதலில் போவது பிள்ளையின் பெயர்.

அரூர், ஒரு அப்பா: மகனை நேபாளத்தில் நடக்கும் 'சர்வதேச' சிலம்பப் போட்டிக்கு அழைக்கிறார்கள். 18,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். சான்றிதழ் வேலைக்கு உதவுமா?

கட்டாதீர்கள். முதலில் அழைக்கும் அமைப்பின் பெயரை எழுதி வாங்குங்கள். அது விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்த சம்மேளனங்களின் பட்டியலில் இருக்கிறதா, அதன் மாநிலச் சங்கம் எது என்று பாருங்கள். 'இந்திய', 'அகில', 'உலக', 'ஒலிம்பிக்' என்று பெயர்ப்பலகையில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் குறிப்பிட்ட படிவங்கள் உண்டு: நாட்டுக்காக ஆடியதற்கு படிவம் 1, மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடியதற்கு படிவம் 2. அவற்றில் சம்மேளனமோ மாநிலச் சங்கமோதான் கையெழுத்திட வேண்டும். நேபாளத்தில் வாங்கிய கோப்பையைக் காட்டி அந்தக் கையெழுத்தை வாங்க முடியாது. பையன் சிலம்பம் சுற்றட்டும், நல்ல கலை. காத்மாண்டு சுற்றுலாவுக்கு வேறு வழி இருக்கிறது.

பென்னாகரம், ஒரு இளைஞர்: அரசுதான் செலவு செய்கிறது என்கிறீர்கள். பிறகு சங்கம் எதற்கு ஐயா? கலைத்துவிட்டு அரசே அணியை அனுப்பலாமே?

அனுப்பலாம், வாசலில் நிறுத்துவார்கள். 2012 டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். அரசின் விளையாட்டு விதித்தொகுப்பின்படி சங்கத்தின் தேர்தல் நடக்கும் நிலை வந்தது. இது தன்னாட்சியில் தலையீடு என்றது சர்வதேச கமிட்டி. போதாததற்கு, 2010 காமன்வெல்த் ஊழல் வழக்கில் சிக்கியவரே பொதுச்செயலாளர் பதவிக்கு வரவிருந்தார். இந்தியச் சங்கம் இடைநீக்கம். 2014 பிப்ரவரியில் ரஷ்யாவின் சோச்சியில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கியபோது நம் ஆட்கள் மூன்று பேர் ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்துபோனார்கள். போட்டிகளுக்கு நடுவில்தான் தடை நீங்கியது. அதற்குச் சில நாள் முன்பு நடந்த மறுதேர்தலில் தலைவரானவர் நம் சென்னைக்காரர் என். ராமச்சந்திரன்.

அதே இளைஞர்: அப்படியானால் அந்த ஆட்களைக் காப்பாற்றத்தான் தன்னாட்சியா?

கோபம் நியாயம். ஆனால் அடி யாருக்கு விழுந்தது என்று பாருங்கள். குவைத்தும் 2015இல் இதே தகராறில் தடைபட்டது. 2016 ரியோவில் அந்நாட்டு வீரர் ஃபெஹைத் அல் தீஹானி துப்பாக்கி சுடுதலில் தங்கம் வாங்கினார், மேலே போனது ஒலிம்பிக் கொடி. 2023இல் நம் மல்யுத்தச் சம்மேளனம் காலத்தில் தேர்தல் நடத்தாததால் உலக அமைப்பு இடைநீக்கம் செய்தது. நம் வீராங்கனை அண்டிம் பங்கால் உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கியது நடுநிலைக் கொடியின் கீழ்.

தேன்கனிக்கோட்டை, ஒரு ஆசிரியை: நான் அந்தத் தம்பி பக்கம். கணக்குக் கேட்க ஆளில்லாத சங்கத்தில் விளையாட்டு வீரர் எங்கே இருக்கிறார்?

டீச்சர், கணக்குக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் கேட்பது என்பதில்தான் வேறுபாடு. அமைச்சகம் ஆளை வைத்தால் தடை வரும். உள்ளேயே வீரர்களுக்கு ஓட்டு இருந்தால் வராது. 2025 ஆகஸ்டில் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் அந்த வழியில்தான் போகிறது: நிர்வாகக் குழுவில் அதிகபட்சம் 15 பேர், அதில் சாதித்த வீரர்கள் குறைந்தது இருவர், பெண்கள் குறைந்தது நால்வர். சண்டைகளைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயம். இருவர் போதுமா? போதாது என்பேன். பதினைந்தில் இரண்டு கை தூக்கினால் தீர்மானம் மாறாது. அந்த அளவில் உங்கள் இருவர் பக்கமும் நான்தான்.

பாலக்கோடு: கிரிக்கெட் ஒலிம்பிக்கில் வருகிறதாமே?

2028 லாஸ் ஏஞ்சல்ஸ், டி20, ஆறு அணிகள். மேற்கொண்டு கிரிக்கெட் ஆட்களிடம் கேளுங்கள்.

மத்தூர்: கோவாவில் 'தேசிய' யோகா போட்டி, சான்றிதழுடன் 6,000 ரூபாய்...

அரூர்க்காரருக்குச் சொன்னதேதான்.

போச்சம்பள்ளி: தம்பிக்கு ஒரு கால் போலியோவில் பாதிக்கப்பட்டது. இதே சங்கம்தானா?

இல்லை, இந்திய பாராலிம்பிக் கமிட்டி தனி. அதன் மாநிலச் சங்கம் வழியாகப் போங்கள். முதல் வேலை வகைப்பாடு: எந்தப் பிரிவில் ஆடலாம் என்று பரிசோதித்துச் சொல்வார்கள். அது ஆகாமல் போட்டிக்குப் போய்ப் பயனில்லை. பக்கத்துச் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிசில் வெண்கலம் வாங்கியவர். தம்பியிடம் சொல்லுங்கள்.

ஓசூர், ஜிம் போகும் பையன்: அண்ணா, போலீஸ் தேர்வுக்கு ஓடுகிறேன். கோச் ஒரு பவுடரும் ஊசியும் தருகிறார், பாதுகாப்பானதா?

ஊசி போடும் கோச்சை இன்றே விடு. பவுடர் டப்பாவில் எழுதாத மருந்தும் உள்ளே இருக்கலாம். உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு உன்னுடையது, 'கோச் கொடுத்தார்' என்பது எடுபடாது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் 2023 கணக்கில் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213 சிக்கின. இதில் நாம் முதல் வரிசையில் இருப்பது வெட்கக்கேடு.

பாப்பிரெட்டிப்பட்டி: பூட்டானில் ஒரு 'ஆசிய' கராத்தே...

வேண்டாம்.

ஊத்தங்கரை அம்மா மறுபடி: மாவட்டச் சங்கம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. உங்கள் போன் நம்பர் தருவீர்களா?

நம்பர் வேண்டாம் அம்மா, நான் பதவியில் இல்லை. கிருஷ்ணகிரியில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாருங்கள், தடகளச் சங்கச் செயலாளர் யார் என்று அங்கே சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழ் அசல், ஆதார், பள்ளியில் படிப்பதற்கான சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிப் போங்கள்.