உறங்கி எழுந்தால் போதை இறங்கிவிடுமா?

கேள்வி: மகளின் திருமணத்துக்கு முந்தைய இரவு வீட்டில் உறவினர்களுக்கு விருந்து வைத்தோம். என் மைத்துனர் அளவாகக் குடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் படுத்தார். காலையில் எழுந்து, குளித்து, கட்டன் சாயாவும் (பால் சேர்க்காத தேநீர்) குடித்த பிறகு, நான் கேட்டுக்கொண்டதால் என் காரில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, நாகர்கோவில் ரயில் நிலையத்திலிருந்து விருந்தினரை அழைத்துவர ஆறு மணிக்குப் புறப்பட்டார். வழியில் போலீசார் ஊதச் சொல்லி வழக்குப் போட்டுவிட்டனர். இருபது ஆண்டுகளாக விபத்தே இல்லாமல் ஓட்டுபவர். நடையிலும் பேச்சிலும் எந்தத் தடுமாற்றமும் இல்லை. மதுக்கடையை அரசே நடத்திவிட்டு, உறங்கித் தெளிந்து எழுந்தவரைப் பிள்ளைகள் முன் அவமானப்படுத்துவது நியாயமா?
(வாசகர் ஒருவர், மார்த்தாண்டம்)

பதில்: நியாயமே. உங்கள் கடிதத்தில் அவமானத்தைப் பற்றிய வரிகளைவிட, அந்தக் காரில் பிள்ளைகள் இருந்தார்கள் என்ற வரிதான் என்னைக் கலங்கச் செய்தது. உங்கள் மைத்துனர் தெளிந்துவிட்டார் என்று நீங்களும் அவரும் மனமார நம்பியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

குடித்த மதுவில் மிகப் பெரும் பகுதியை உடலிலிருந்து அகற்றுவது கல்லீரல்; அது தன் வேகத்தில்தான் வேலை செய்யும். பெரும்பாலானவர்களுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ள ஆல்கஹால் மணிக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் வரை குறைகிறது. தலைக்குக் குளிப்பதாலோ, மோர் குடிப்பதாலோ, கட்டன் சாயாவாலோ அந்த வேகம் கூடுவதில்லை. உறக்கம் வராமல் இருக்கலாம், வாயின் வாடை குறையலாம், அவ்வளவே. கடைகளில் விற்கும் 180 மில்லி குவார்ட்டர் பாட்டிலில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆண் அதைக் குறைந்த நேரத்தில் குடித்து முடித்தால், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அதன் அளவு 120 மில்லிகிராமை ஒட்டி வந்துவிடும். உங்கள் மைத்துனர் எவ்வளவு குடித்தார் என்று நீங்கள் எழுதவில்லை, ‘அளவாக’ என்கிறீர்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு அந்த அளவு 150 மில்லிகிராமாக இருந்திருந்தால், மணிக்கு 15 வீதம் குறைந்தாலும் காலை ஆறு மணிக்கு 60 மிஞ்சியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 185ஆம் பிரிவு வைத்திருக்கும் எல்லை 30. உறங்கி எழுந்து, குளித்து, திருநீறும் பூசி உட்கார்ந்திருக்கும் ஒருவரின் இரத்தத்தில் அந்த எல்லையைப் போல் இருமடங்கு இருக்கக்கூடும் என்பதே இந்தக் கணக்கின் பொருள்.

நடையில் தடுமாற்றம் இல்லை என்பதைச் சான்றாகக் காட்டுகிறீர்கள். வழக்கமாகக் குடிப்பவர்களுக்கு நடையும் பேச்சும் எளிதில் குழறுவதில்லை. இரத்தத்தில் உள்ள அளவு அதனால் குறைந்துவிடுவதில்லை. கால்கள் நிதானமாக இருக்கும்போதே, முன்னால் வரும் வண்டியின் வேகத்தை மதிப்பிடுவதும், ஒரே நேரத்தில் இரண்டு இடங்களைக் கவனிப்பதும், பிரேக்கில் கால் வைக்கும் நேரமும் பழுதடைந்திருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் போய்விடுகிறது. அரை நொடி தாமதம் என்றாலும் எட்டு மீட்டர் தூரம் கைவிட்டுப் போய்விடும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று தீர்ப்புச் சொல்லும் அதே மூளைதான் முதலில் மங்கியிருக்கிறது என்பது. ஆகவே குடித்தவரிடமே ‘ஓட்டுவாயா?’ என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலை ஏற்றுக்கொள்வது பெரும் பிழை.

போதாக்குறைக்குத் திருமண வீட்டில் உறக்கம் ஏது? 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று காட்டியது. முந்தின நாள் முழுவதும் பந்தலுக்கும் சமையலுக்குமாக அலைந்து, நள்ளிரவில் படுத்து, ஐந்து மணிக்கு எழுந்த ஒருவருக்கு உறக்கக் குறையும் மிச்ச மதுவும் சேர்ந்தே இருந்திருக்கும். சளிக்குப் போடும் சில மாத்திரைகளும் இப்படி உறக்கம் வரவழைப்பவைதாம். அவற்றை மதுவோடு சேர்த்தால் மயக்கம் பலமடங்காகும்.

அந்த வேளையில் நம் மாவட்டத்துச் சாலை எப்படி இருக்கும் என்பதை மார்த்தாண்டத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரும் பழைய நெடுஞ்சாலையில் வீடும் கடையும் சாலையோடு ஒட்டி நிற்கின்றன. வளைவும் ஏற்றமும் ஓயாமல் வருகின்றன. வெளிச்சம் சரியாக வராத அந்த நேரத்தில்தான் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும், கடற்கரையிலிருந்து மீன்கூடையோடு வரும் பெண்களும், டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளும், கோயிலுக்கும் காலைத் திருப்பலிக்கும் நடப்பவர்களும் சாலை ஓரத்தில் இருக்கிறார்கள். இவர்களில் எவரும் உங்கள் வீட்டு விருந்துக்கு வந்தவர்கள் அல்லர்.

அரசே கடை நடத்துகிறதே என்ற உங்கள் கோபத்தில் உண்மை இருக்கிறது. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில்தான் இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரக் கடைகளை அகற்றச் சொல்லி 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில் வந்ததுதான். விற்கிறவருக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு என்று நானும் உரக்கச் சொல்வேன். ஆனால் விற்றவர் யாராக இருந்தாலும், எதிரே வருகிறவரின் எலும்பு ஒரே மாதிரிதான் முறியும்.

இப்போது உங்கள் பங்குக்கு வருகிறேன். விருந்து வைத்தவர் நீங்கள், கார் உங்களுடையது, சாவியைக் கொடுத்து அனுப்பியவரும் நீங்கள். முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று சொல்லும் அதே சட்டம், 188ஆம் பிரிவில், அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனையை வைத்திருக்கிறது. நீங்கள் அறியாமல் செய்தீர்கள் என்பதை நான் ஏற்கிறேன். இனி அறியாமல் செய்தேன் என்று நீங்கள் சொல்ல முடியாது.

அடுத்த விசேஷத்துக்கு என்ன செய்யலாம் என்றால், மறுநாள் காலையில் யார் வண்டி ஓட்டுவது என்பதை முதல் பாட்டில் திறப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். அவர் அன்றிரவு ஒரு சொட்டும் தொடக்கூடாது, ஆறேழு மணி நேரமாவது உறங்க வேண்டும். அப்படி ஒருவர் வீட்டில் இல்லையென்றால் ஆக்டிங் டிரைவரை முன்கூட்டியே அமர்த்துங்கள். பந்தலுக்கும் பாயசத்துக்கும் ஆகும் செலவில் அது ஒரு சிறு துளிகூட இல்லை. குடிப்பவர்களின் சாவிகளை அவர்கள் தெளிவாக இருக்கும்போதே வாங்கி, குடிக்காத மூத்தவர் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். அதிகம் குடித்தவருக்கு மறுநாள் நண்பகல் வரை அதைத் திருப்பித் தர வேண்டாம். மைத்துனர் முகம் சுளித்தால், சுளிக்கட்டும்.