முதல் இரவை மலையில் கழிக்க வேண்டாம்

கேள்வி: மிஸ், டெங்கு நுளம்பு பற்றிய என் ஆய்வை ஒரு மாநாட்டில் போஸ்டராக வைக்க, பெப்ரவரியில் அமெரிக்காவின் கொலராடோவில் கீஸ்டோன் என்ற மலை ஊருக்குப் போகிறேன். நுவரெலியாவைத் தாண்டிய உயரத்தில் நான் இருந்ததில்லை. மூச்சு முட்டும் என்று அம்மா பயப்படுகிறா. மத்தியானத்தில் எல்லோரும் பனிச்சறுக்குக்குப் போவார்களாம். நான் என்ன செய்வது?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: மகள், முதலில் என் வாழ்த்து. அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். நம் நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகல மலையின் உச்சியே 2,524 மீற்றர்தான். கீஸ்டோனில் நீங்கள் படுத்துறங்கப் போகும் கட்டில் 2,800 மீற்றரில் இருக்கும். ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன், கொழும்பில் கிடைப்பதில் முக்கால் பங்கு கூட வராது.

பல வருடங்களுக்கு முன் அதேபோல ஒரு மலை ஊருக்கு மாநாட்டுக்குப் போனேன். விமானத்தால் இறங்கியதும் நேரே வான் ஏறி மேலே போய்விட்டேன். அறையில் பெட்டியைத் திறந்தால், வெள்ளவத்தையில் வாங்கிய முறுக்குப் பைக்கற் குட்டித் தலையணை மாதிரி உப்பி நிற்கிறது. விரலால் தட்டினால் மேளத்தோல் போல விறைப்பு. வெளியே காற்றழுத்தம் அவ்வளவு குறைந்திருக்கிறது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரவு தலையிடி, சத்தி, நித்திரையே இல்லை. நேர வித்தியாசக் களைப்பு என்று நினைத்துப் பனடோலைப் போட்டுக்கொண்டு அடுத்த நாளும் கிடந்தேன். என் போஸ்டர் ஆளில்லாமல் தொங்கியது. ஒன்றரை வருட வேலை! பொலிவியாவின் லா பாஸில் வளர்ந்த ஓர் ஆய்வாளர்தான் என் முகத்தைப் பார்த்து, இது உயரத்தால் வரும் நோய் என்றார். அவருடைய ஊர் 3,600 மீற்றரில் இருக்கிறது. ஆளில்லாமல் தொங்கிய அந்தப் போஸ்டரை நினைத்தால் இன்றும் மனசு நோகும்.

அதனால் சொல்கிறேன், மலைக்கு ஏறுமுன் விமானம் இறங்கும் டென்வர் நகரில் ஓர் இரவாவது தங்குங்கள், இரண்டென்றால் இன்னும் நல்லது. அது 1,609 மீற்றர், உடம்பு பழக இடம் கொடுக்கும். போகுமுன் டொக்டரிடம், உயரத்தால் வரும் நோயைத் தடுக்க உதவும் அசற்றசோலமைட் குளிசை பற்றிக் கேளுங்கள். ஏறுவதற்கு முதல்நாளே தொடங்குவது அது. விரல் நுனி கூசும், பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் கட்டாயம் சொல்லுங்கள். இரத்தச்சோகை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மேலே போனபின் முதல் இரண்டு நாள் வைன் வேண்டாம், ஓடித் திரியவும் வேண்டாம். நடை தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவென்றும் பார்க்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். அறைத்தோழியிடம் இதை முதல் நாளே சொல்லி வையுங்கள்.

சரி, பனிச்சறுக்கு. இப்படியான மாநாடுகளில் காலையில் உரைகள், மத்தியானம் ஓய்வு, பின்னேரம் திரும்ப உரைகள் என்று வைப்பது வழக்கம். அந்த இடைவெளியில் எல்லோரும் சறுக்கப் போவதில்லை. முழங்கால் நோவுள்ள மூத்த விஞ்ஞானிகள் கணப்படுப்புப் பக்கம் கோப்பியோடு இருப்பார்கள். கூச்சப்படாமல் பக்கத்தில் போய் இருந்து உங்கள் நுளம்புக் கதையைத் தொடங்குங்கள். மேடையில் கேட்க முடியாத கேள்வியை அங்கே கேட்கலாம். நம்முடைய தேயிலைப் பைக்கற் ஒன்றும் கொண்டுபோங்கள், கதை தொடங்க உதவும். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 91 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால் இன்னும் இரண்டு நிமிடம் கூடுதலாக ஊறவிடுங்கள்.