ஆக்ஸிடாசினுக்குப் பதில் கார்பெடோசின் ஏன்?

"அக்காவுக்குச் சேலத்தில் சிசேரியன். ஆக்ஸிடாசினுக்குப் பதில் கார்பெடோசின் போட்டார்களாம், ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுமே கருப்பையை இறுக்கி, பிரசவத்துக்குப் பின் ரத்தம் கொட்டாமல் தடுப்பவைதான். ஆக்ஸிடாசின் நம் மூளையில் உருவாகும் ஹார்மோன். அதை ஆய்வகத்தில் அப்படியே செய்துகாட்டிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955-இல் நோபல் பரிசு கிடைத்தது. கார்பெடோசின் அதன் அச்சு நகல் அல்ல; சில இடங்களில் மாற்றம் செய்த ஒன்றுவிட்ட தங்கை என்று வையுங்கள். அந்த மாற்றத்தால் உடல் அதைச் சீக்கிரம் உடைப்பதில்லை. ரத்தத்தில் ஆக்ஸிடாசின் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும், இதற்குச் சுமார் 40 நிமிடம் ஆகும். 100 மைக்ரோகிராம், ஒரே ஊசி, அவ்வளவுதான்.

சரி, எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஆக்ஸிடாசினைப் பொதுவாக 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். மே மாதச் சேலத்தில் கரண்ட் போனால்? 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டையும் தாண்டி ஒரு மலைக் கிராமத்துக்குப் போவதற்குள் ஐஸ் உருகினால்? வீரியம் போன மருந்தும் குப்பிக்குள் தண்ணீர் போலத்தான் தெரியும். வெப்பம் தாங்கும் வகைக் கார்பெடோசின் 30 டிகிரியிலும் 3 ஆண்டு கெடாது. (எல்லாத் தயாரிப்பும் அப்படியல்ல, அட்டையைப் பார்க்க வேண்டும்.)

ஆனால் வலி வரவழைக்க இதைப் போடக் கூடாது. ஆக்ஸிடாசின் டிரிப்பை வேண்டும்போது நிறுத்தலாம். இதைப் போட்டபின் திரும்ப எடுக்க முடியாது.