குரோம் தொட்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நிக்கல் முலாமுக்கு நிக்கலையே ஆனோடாக (நேர்மின் தகடாக) தொங்கவிடுகிறோம். குரோமுக்கு மட்டும் ஏன் ஈயம்?

குரோம் பாத்தில் (முலாம் கரைசலில்) செலுத்தும் மின்சாரத்தில் 10 முதல் 20 சதவீதம்தான் உலோகமாகப் படிகிறது. குரோமையே ஆனோடாக்கினால் அது படிவதைவிடப் பல மடங்கு வேகமாகக் கரையும். பாத்தில் குரோமின் அளவு ஏறிக்கொண்டே போகும்.

ஈயத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கேத்தோடு (முலாம் ஏறும் பொருள், எதிர்மின்முனை) பக்கம், குரோமிக் அமிலத்தில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியத்தில் கொஞ்சம் உலோகமாகாமல் மூன்று இணைதிறனிலேயே நின்றுவிடும். ஈயத்தின் மேல் படர்ந்திருக்கும் ஈய டைஆக்சைடுதான் அதைத் திரும்ப ஆறுக்கு ஏற்றுகிறது. ஆனோடு பரப்பு போதாமல் போனால் மூன்று இணைதிறன் சேர்ந்து, பாத் கருத்துவிடும்.

ஆனோடைத் தூக்கிப் பாருங்கள். சாக்லேட் நிறப் படலம் இருந்தால் சரி. மஞ்சள் பொருக்கு என்றால் அது ஈய குரோமேட், மின்சாரத்தை மறிக்கும். வேலை இல்லாமல் தொட்டியிலேயே விட்ட ஆனோடில் இது சீக்கிரம் கட்டும். ஈரத்தோடு தேய்த்து எடுங்கள். காய்ந்தபின் தேய்த்தால் அந்தத் தூள் உங்கள் மூச்சுக்குள்தான் போகும்.

பளபளப்பு குறைந்ததால் கந்தக அமிலம் சேர்த்தேன். இப்போது மூலைமுடுக்குகளில் முலாமே ஏறவில்லை.

சோதிக்காமல் ஊற்றியதுதான் தவறு. குரோமிக் அமிலமும் சல்பேட்டும் 100-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். லிட்டருக்குக் குரோமிக் அமிலம் 250 கிராம் என்றால் சல்பேட் 2.5 கிராம். கந்தக அமிலம் ஊற்றினால் சல்பேட் கூடும்; அது கூடினால் மின்சாரம் குறைவாகப் போகும் இடங்கள் வெறுமையாக நிற்கும். பேரியம் கார்பனேட் போட்டு இறக்கலாம்: மிகுதியான ஒரு கிராம் கந்தக அமிலத்துக்குச் சுமார் 2 கிராம். நுரைத்துப் பொங்கும், சிறிது சிறிதாகப் போடுங்கள். நன்றாகக் கலக்கி, படியவிட்டு, மறுபடி சோதியுங்கள்.

இதே தொட்டியில் மூன்று இணைதிறன் குரோமுக்கு மாறலாமா?

கூடாது. அந்த பாத்துக்கு ஆறு இணைதிறன் சிறிதளவு கலந்தாலே கெடுதல். ஈய ஆனோடும் ஆகாது. தனித் தொட்டி, தனி ஆனோடு வேண்டும்.

குமிழி அதிகம் வருகிறது. பழுதா?

இல்லை, உலோகமாகப் படியாத மின்சாரத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜனாகப் போகிறது. ஆனால் ஒவ்வொரு குமிழியும் வெடிக்கும்போது குரோமிக் அமிலத் துளியைக் காற்றில் தெறிக்கிறது. அது மூக்கின் நடுச்சுவரை ஓட்டையாக்கும். நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தொட்டி விளிம்பில் உறிஞ்சும் விசிறி ஓடாத நாளில் ரெக்டிஃபையரை (தொட்டிக்கு நேர்மின்சாரம் தரும் கருவியை) போடவே போடாதீர்கள். அப்புறம், கடினமாக்கிய எஃகுக்கு ஹைட்ரஜன் உள்ளே புகுந்து நொறுங்கும் தன்மை வரும். முலாம் முடிந்ததும் தாமதிக்காமல் 190 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் சில மணி நேரம் அடுப்பில் வையுங்கள்.