2017இல் வாங்கிய லேப்டாப் விண்டோஸ் 11-ஐத் தாங்குமா, புதிதுதான் வாங்க வேண்டுமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 2017இல் வாங்கிய லேப்டாப், ஐ5-7200யூ பிராசசர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். அப்பா அதில்தான் டேலி என்ற கணக்கு மென்பொருளில் கடைக் கணக்கு எழுதுகிறார், தங்கை கல்லூரி வேலைகளைச் செய்கிறாள். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இனி என்ன செய்வது என்பது கேள்வி.

நான் சிவாஜி நகரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். இதே கேள்வியோடு வருகிறவர்களிடம் முதலில் நான் பிரித்துச் சொல்வது, இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதைத்தான். மைக்ரோசாஃப்ட் உங்கள் மெஷினை ஏற்குமா என்பது ஒன்று. ஏற்றினால் அது திக்காமல் ஓடுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்ததுமே பலர் இரண்டாவதற்கும் அதுதான் பதில் என்று நினைத்து, நல்ல மெஷினைத் தள்ளிவிடுகிறார்கள்.

ஏற்பைப் பற்றி முதலில். விண்டோஸ் 11 கேட்கும் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் உங்களிடம் தாராளமாக இருக்கின்றன. சிக்கல், மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்திருக்கிறார்கள். 7200 என்ற எண்ணின் முதல் இலக்கமே தலைமுறை, ஆக உங்களுடையது ஏழு. ஏழிலும் ஐ7-7820எச்கியூ போல மிகச் சில விதிவிலக்குகள் உண்டு, உங்களுடையது அதில் இல்லை. இதற்கு மேல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், நம்பகமான மென்பொருளை மட்டும் வைத்து மெஷினைத் தொடங்கும் செக்யூர் பூட் வசதியும் வேண்டும். இவை இரண்டும் உங்கள் லேப்டாப்பில் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் பட்டியல் தடுத்துவிடும்.

இந்தப் பட்டியலை வேகத்துக்கான அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செலரான் என்4020 என்ற சின்ன பிராசசர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதை 4 ஜிபி ரேமோடு போட்டு விற்கும் புது லேப்டாப்பை வாங்கினால், உங்கள் பழைய ஐ5 அதைவிட நன்றாக வேலை செய்யும்.

உங்களைப் போன்றவர்கள் நிலை இது. 8ஆம் தலைமுறை வைத்திருந்தும் 'தகுதி இல்லை' என்று வந்தால் அது வேறு கதை, இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்பதால் சொல்கிறேன். இங்கே அச்சகம் நடத்தும் ஒருவர் ஐ5-8400 போட்ட டெஸ்க்டாப்பைக் கொண்டுவந்தார். "தம்பி, போர்டையே மாத்தணும்னு ஒரு கடையில சொல்லிட்டாங்க" என்றார். விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, டி-பி-எம் புள்ளி எம்-எஸ்-சி என்று அடித்துப் பார்த்தேன். டிபிஎம் கிடைக்கவில்லை என்றது. "போர்டுல ஒண்ணும் இல்லண்ணா, உள்ளே அணைச்சு வச்சிருக்காங்க" என்று சொல்லி, மெஷினின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸைத் திறந்தேன். அதில் இன்டெல் பிடிடி என்ற வரி 'டிசேபிள்டு' என்று நின்றது. அதுதான் டிபிஎம். ஏஎம்டி போர்டாக இருந்தால் அதே இடத்தில் எஃப்டிபிஎம் என்று இருக்கும்.

அதை 'எனேபிள்' செய்ததோடு வேலை முடியவில்லை. அவருடைய விண்டோஸ் பழைய லெகசி முறையில் ஏற்றப்பட்டிருந்தது, டிஸ்க்கும் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு அமைப்பில் இருந்தது. செக்யூர் பூட் வேண்டுமென்றால் யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்குப் போக வேண்டும், அதற்கு டிஸ்க் ஜிபிடி என்ற புதிய பிரிப்பு அமைப்புக்கு மாற வேண்டும். விண்டோஸ் 10க்குள்ளேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, ஃபைல்களை அழிக்காமல் அதை மாற்றித் தரும். வரிசை முக்கியம்: முதலில் பேக்கப், அப்புறம் டிஸ்க்கை மாற்றுவது, கடைசியாகத்தான் பயாஸில் யூஇஎஃப்ஐ. டிஸ்க்கை மாற்றாமல் பயாஸை மட்டும் திருப்பிவிட்டால் மெஷின் பூட் ஆகாது, பயந்துபோவீர்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த அமைப்புகளைத் தொட்டதும் அதைக் கேட்கும். அச்சகக்காரர் ஒரு பைசாவுக்குப் பொருள் வாங்காமல் 11க்கு மாறினார்.

இனி வேகம். உங்கள் லேப்டாப்பில் காலையில் விண்டோஸ் வந்ததும் எதையும் திறக்காமல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியூ 10, 15 சதவீதத்தில் சும்மா இருக்கும். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் சிவந்துபோய் நிற்கும். காதை வைத்துக் கேட்டால் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று தேடும் சத்தம் வரும். அப்பா டேலியைக் கிளிக் செய்துவிட்டுக் காத்திருப்பது பிராசசருக்காக இல்லை, இந்த டிஸ்க்குக்காக. சுழலும் தட்டில் அங்கும் இங்கும் முள்ளை நகர்த்திப் படிக்கிற வேலை அது, சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் கேட்கிற இன்றைய விண்டோஸுக்கு அது ஈடுகொடுக்காது. 10 ஆனாலும் 11 ஆனாலும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் தள்ளாடும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி-யில் போட்டால் அதே ஐ5 வேறு மெஷின் மாதிரி இருக்கும். பழைய லேப்டாப்புக்குச் செய்யும் செலவில் இதற்கு இணையானது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

வாங்கும் முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் இப்போதைய டிஸ்க்கின் உடல்நிலையையும் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால் வேறெதையும் யோசிக்காமல் அன்றைக்கே கணக்குகளைப் பேக்கப் எடுங்கள். டச்பேட் மேலெழுந்து நின்றால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை உடனே கழற்ற வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் வழி இது. டேலி விண்டோஸில் ஓடுவது, அதனால் அப்பாவுக்கு விண்டோஸ் இருந்தே ஆக வேண்டும். எஸ்எஸ்டி-யில் விண்டோஸ் 10-ஐ அதன் கடைசிப் பதிப்பான 22எச்2-வில் வைத்துக்கொண்டு, மைக்ரோசாஃப்டின் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் (இஎஸ்யூ) சேருங்கள். வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பட்டியலை ஏமாற்றி 11-ஐ ஏற்ற ரூஃபஸ் போன்ற கருவிகள் உண்டு, நானே கேட்டவர்களுக்குப் போட்டுத் தந்திருக்கிறேன், ஓடுகிறது. ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லவில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது, அதற்குமுன் இப்படி ஓடிக்கொண்டிருந்த கோர் 2 டுவோ மெஷின்கள் பூட் ஆகவே முடியாமல் நின்றுவிட்டன, பிராசசரில் தேவையான கட்டளைகள் இல்லாததால். உங்கள் ஐ5க்கு அந்தக் குறை இல்லை. இருந்தாலும் ஜிஎஸ்டி கணக்கு இருக்கும் மெஷினில் இப்படி ஓர் ஏற்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2026 அக்டோபர் 13க்குள் அப்பாவுக்கு ஒரு புது மெஷினுக்குப் பணம் சேர்ப்பது நல்லது.

அப்போதும் இந்த லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டாம். தங்கைக்கு, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுங்கள். 8 ஜிபி அதற்கு ஏராளம். பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, வீட்டுப் பிரிண்டர் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும்.

கம்ப்யூட்டர் உதிரிக் கடைகள் இருக்கும் எஸ்பி ரோட்டுக்குப் போகும் முன் ஒரு விஷயம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று போட்டிருக்கும், அதை ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 7200யூ லேப்டாப்களில் டிடிஆர்4 ரேமும் வந்தது, டிடிஆர்3எல் ரேமும் வந்தது. ஒன்றில் மற்றது பொருந்தாது. எஸ்எஸ்டி-க்கு எம்.2 என்ற சின்ன ஸ்லாட் இருந்தால் அது சாட்டா வகையா, என்விஎம்இ வகையா என்று மாடல் பெயரை வைத்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்திலேயே உட்காரும். வாரன்டியோடு பில் வாங்குங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டு வராதீர்கள், அதில் அப்பாவின் இத்தனை வருடக் கணக்கு இருக்கிறது. ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு, புதியதில் டேலி டேட்டா சரியாகத் திறக்கிறது என்று அவரே பார்த்துச் சொல்லும்வரை அதில் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.