எட்டுத் தாளை மடிக்கச் சொல்லுங்கள்

"மகள் எந்த நோட்டை எடுத்தாலும் கார்ட்டூன்தான் வரைகிறாள், இதெல்லாம் சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போடும் அம்மா, ஆனால் மாதாமாதம் ஒரே அளவாகப் போடாது. சிறுவர் படப்புத்தகத்துக்குப் பதிப்பகம் பெரும்பாலும் முன்பணம் தரும். அது ராயல்டியில், அதாவது விற்கும் பிரதிகளுக்குக் கிடைக்கும் பங்கில், கழிந்த பிறகுதான் மேற்கொண்டு பணம் வரும். சிலர் ஒரு தொகையைக் கொடுத்து உரிமையை மொத்தமாக எழுதி வாங்கிக்கொள்வார்கள். அதனால் ஒப்பந்தம் படிக்கத் தெரிந்திருப்பதும் இந்தத் தொழிலில் ஒரு பாடம்தான்.

ஆள் தேறுவாளா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். எட்டு வெள்ளைத்தாளை ஒன்றாக அடுக்கி, பாதியாக மடித்து, நடுவில் தைத்தால் 32 பக்கம். படப்புத்தகங்களில் வழக்கமான அளவு இது. பதிப்பகத்தார் இதை டம்மி என்பார்கள். தெரிந்த கதை ஒன்றை அதில் பென்சிலால் வரையட்டும். மூன்றாம் பக்கத்தில் ஓட்டைப்பல்லோடு சிரிக்கும் சிறுமி, இருபதாம் பக்கத்தில் முதுகைக் காட்டி அழும்போதும் அதே சிறுமியாகத் தெரிகிறாளா? முகம் நடுமடிப்பில் மாட்டிக்கொள்ளவில்லையே? ஆச்சரியம் பக்கத்தைப் புரட்டினால்தான் தெரிகிறதா, முன்பே போட்டுடைத்துவிட்டாளா? ஒற்றைப் படத்தை அழகாக வரைபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே சறுக்குபவர்களும் அவர்களில்தான் அதிகம்.

நகைச்சுவைக் கார்ட்டூன் வேறு கணக்கு. படம் சொல்வதையே கீழே உள்ள வரியும் சொன்னால் சிரிப்பு வராது. பத்து யோசனை அனுப்பினால் ஒன்று தேறுவதே பெரிய விஷயம். திரும்பி வந்ததற்கு ஒரு வாரம் முகம் தூக்கி வைத்துக்கொள்கிற சுபாவம் என்றால் கொஞ்சம் கஷ்டம்தான்.

பட்டப்படிப்பா? ஓவியக் கல்லூரி நல்லதுதான், கட்டாயமில்லை. சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரையும் பிரிட்டிஷ் ஓவியர் குவென்டின் பிளேக் கேம்பிரிட்ஜில் படித்தது ஆங்கில இலக்கியம். ஆனால் 16 வயதிலேயே 'பஞ்ச்' என்ற நகைச்சுவைப் பத்திரிகையில் அவர் படம் வந்துவிட்டது. வில்லியம் ஸ்டெய்க் 1930 முதல் 'நியூயார்க்கர்' என்ற அமெரிக்க இதழில் கார்ட்டூன் போட்டவர், சிறுவர் புத்தகத்துக்கு வந்தது 1968இல், அறுபது வயதில். எனவே வேறு பாடம் எடுத்தாலும் கதவு சாத்திவிடாது. மென்பொருளைச் சில மாதங்களில் பழகிவிடலாம், அதற்காக இப்போதே விலையுயர்ந்த டேப்லெட் வேண்டாம். ஓடும் கால், பிடிக்கும் விரல், இதற்குத்தான் வருடங்கள் ஆகும்.

டம்மி முடிந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அடித்துத் திருத்திய பக்கங்களை அழகாக மாற்றி வரைய வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.